பின்பக்கம் எழுதாத கார்ட்

மூன்றாவது எஞ்சின் களவுபோன அன்றைக்குத்தான் உதயரூபனின் விசிட்டிங் கார்டைப் பற்றி ஆட்கள் வேறு மாதிரிக் கதைக்கத் தொடங்கினார்கள்.

அதுவரைக்கும் ஆரையம்பதிக் கடற்கரையில் அந்தக் கார்டுக்கு நல்ல பெயர். உதயரூபன் மீன்பிடிப் போட்டுகளின் எஞ்சின் திருத்துகிறவன். பதினைந்து வருஷம் இன்னொருவரின் கராஜில் வேலை செய்துவிட்டு, போன மாசியில்தான் வாவிக்கரை ஒழுங்கையில் தகரக் கொட்டில் போட்டுத் தனியாகத் தொடங்கினான். நல்ல வேலைக்காரன் என்று தெரிந்தவர்கள் அவனிடம் வந்தார்கள். தெரியாதவர்கள் பழைய கராஜுக்கே போனார்கள். "ஒரு கார்டாவது அடிச்சுக் குடுங்க. ஆக்கள்ற கையில நம்பராவது இருக்கட்டும்" என்று மனைவி சுலோஜனா நாலு தடவை சொன்ன பிறகு, காத்தான்குடிக்குப் போய் நஸ்ஹாவின் அச்சுக்கடையில் ஏறினான்.

சின்னக் கடை. ஒரு கொம்பியூட்டர், பிளாஸ்டிக் கார்ட் அடிக்கிற மெஷின், வெட்டுகிற மேசை. கடையை நடத்துகிற நஸ்ஹாவுக்கு முப்பது வயதிருக்கும். உதயரூபன் எழுதிக்கொண்டு போன தாளைக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இரண்டு தரம் வாசித்தாள். பிள்ளையார் படம், எஞ்சின் படம், சுற்றிவரத் தங்க நிறப் பூவேலை, பதினொரு வகை வேலைகளின் பட்டியல் என்று தாள் நிறைந்து கிடந்தது.

"உங்கட கார்ட எடுக்கிற ஆள் அத எங்க வைப்பார் அண்ணன்?" என்று கேட்டாள்.

"சேட் பொக்கட்டில."

"கடலுக்குப் போகக்குள்ள சேட் போடுவாங்களா?"

உதயரூபனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடுப்பில் கட்டிய சாரத்தின் மடிப்பில் செருகினால் உப்புத் தண்ணீரில் ஒரு நாள் தாங்காது என்று அவனே சொன்னான். அவள் தாளை மடித்து ஓரமாக வைத்தாள்.

மூன்று நாள் கழித்து அவள் காட்டிய கார்ட் உயிர்காப்பு அங்கியின் செம்மஞ்சள் நிறத்தில் இருந்தது. நனையாத பிளாஸ்டிக். மூலையில் ஒரு துளை, அதில் நைலோன் கயிறு. முன்பக்கத்தில் 'எஞ்சின் நிண்டுட்டா?' என்று ஒரு வரி. அதற்குக் கீழே கார்டின் அகலம் முழுக்க அவனுடைய தொலைபேசி இலக்கம். பெயரும் ஊரும் அடியில், சின்னதாக.

"என்ட பேரு இவ்வளவு சின்னனாக் கிடக்கே தங்கச்சி?"

"நடுக்கடலில நிக்கிறவருக்கு உங்கட பேர் என்னத்துக்கு? நம்பர் காணும்."

பின்பக்கத்தில் மண்ணெண்ணெய்க்கு எவ்வளவு ஒயில் கலக்க வேண்டும் என்று ஒரு கணக்கு. அதற்குக் கீழே சேர்விஸ் செய்த திகதி, மாற்றிய சாமான், அடுத்த சேர்விஸ் என்று மூன்று வெறும் கோடுகள். "இதில நீங்க மார்க்கர் பேனையால எழுதி எஞ்சினிலயே கட்டி விடுங்க. பிரயோசனமான சாமான ஒருத்தரும் எறிய மாட்டாங்க" என்றாள் நஸ்ஹா. உதயரூபன் முந்நூறு கார்ட் எடுத்தான்.

அவள் சொன்னது பலித்தது. ஒயில் கணக்குப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் கார்டை எஞ்சினின் கைபிடியில் கட்டி வைத்தார்கள். மூன்று மாதத்தில் கொட்டிலில் இடம் போதாமல் எஞ்சின்களை வாசலில் வரிசையாக நிறுத்த வேண்டி வந்தது. எழுதாமல் நான் ஒருவருக்கும் கார்ட் கொடுப்பதில்லை என்று உதயரூபன் பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

ஆனி மாதத்தில் முதலாவது எஞ்சின் களவுபோனது. கடற்கரையில் வலையும் எஞ்சினும் வைக்கிற வாடியின் பூட்டை உடைத்திருந்தார்கள். இரண்டு கிழமையில் இன்னொன்று. மூன்றாவது, வல்லிபுரத்தார் என்ற மீனவருடையது. மூன்றுமே பதினைந்து குதிரைவலு. மூன்றையும் களவுபோவதற்குக் கொஞ்ச நாளைக்கு முன்புதான் உதயரூபன் கழற்றிப் பூட்டிக் கொடுத்திருந்தான்.

செய்தி கேட்டு அவன் வல்லிபுரத்தாரின் வாடிக்குப் போனபோது பத்துப் பதினைந்து பேர் கூடி நின்றார்கள். நடுவில் மீனவர் சங்கத் தலைவர் கோணாமலை. அறுபது வயது. அந்தக் கடற்கரையில் அவர் சொன்னால் பொலிஸும் கேட்கும், ஐயரும் கேட்பார். அவர் கையில் செம்மஞ்சள் கார்ட் ஒன்று இருந்தது.

"வாடிக்குள்ள மண்ணில கிடந்தது. உன்டதானே?"

"என்டதான் அண்ணன். எஞ்சினில கட்டியிருப்பாங்க, அறுந்து விழுந்திருக்கும்."

"பின்னுக்குப் பார்."

உதயரூபன் திருப்பிப் பார்த்தான். மூன்று கோடுகளும் வெறுமையாக இருந்தன. துளையில் கயிறும் இல்லை.

"எழுதாம ஒருத்தருக்கும் குடுக்கிறல்ல எண்டு சொல்லித் திரிஞ்சவன் நீ. அப்ப எழுதாத கார்ட் ஆருக்கிட்ட இருக்கும்?"

உதயரூபன் கார்டை இன்னொரு தரம் திருப்பினான். வல்லிபுரத்தாரைப் பார்த்தான். அவர் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். பின்னால் யாரோ, "எந்த எஞ்சின் நல்லதெண்டு அவனுக்குத்தானே தெரியும்" என்று மெல்லச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

மறுநாள் பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் எடுத்தார்கள். எத்தனை கார்ட் அடித்தாய் என்று கேட்டார்கள். முந்நூறு என்றான். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவனை ஒரு முறை பார்த்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். முந்நூறுதான் என்று திரும்பவும் சொன்னான். அவர் அதை எழுதிக்கொண்டார். அந்தப் பார்வை ஏன் என்று வீடு வந்து சேரும் வரைக்கும் அவனுக்குப் பிடிபடவில்லை.

அந்தக் கிழமையிலேயே இரண்டு பேர் வந்து, பாதி கழற்றிய எஞ்சின்களை அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள். கொட்டில் வாசல் வெறிச்சோடியது. அவன் கார்ட் பெட்டியைத் திறந்து, கொடுத்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி, மிச்சத்தை எண்ணிப் பார்த்தான். ஒன்றும் குறையவில்லை. பெட்டி இருந்தது வீட்டு அலுமாரியில். அவனையும் சுலோஜனாவையும் தவிர யாரும் அதைத் தொடுவதில்லை.

சோறு போடும்போது சுலோஜனா கேட்டாள். "இஞ்சேருங்க, கோவிக்காமச் சொல்லுங்க. எங்கயாவது ஆருக்காவது சும்மா ஒரு கார்ட் குடுத்தீங்களா?"

"இல்ல எண்டு சொல்றன்."

"கேட்டன், அவ்வளவுதான்."

கேட்டது அவ்வளவு மட்டுமில்லை என்று அவனுக்குப் பட்டது. அவனும் அவளைப் பார்த்தான். அவளுடைய தம்பி போன மாதம் வந்து இரண்டு நாள் நின்றுவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. அப்படி நினைத்ததற்காகத் தன் மேலேயே வெறுப்பு வர, பாதிச் சோற்றோடு எழும்பிவிட்டான்.

அடுத்த நாள் காலையில் காத்தான்குடிக்குப் போனான். எழுதாத கார்ட் தன்னிடமிருந்து போகவில்லையென்றால், அடித்த இடத்திலிருந்துதான் போயிருக்க வேண்டும்.

நஸ்ஹா அவனைக் கண்டதும் உள்ளே வரச் சொல்லவில்லை. மேசைக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"எஞ்சின் களவுபோன அண்டைக்கே பொலிஸ் இஞ்சயும் வந்து போச்சு. நானே உங்களுக்குக் கோல் எடுப்பம் எண்டுதான் இருந்த. மறுகா வேணாமெண்டு விட்டுட்டன்."

"என்ட கார்ட்ல எழுதாத ஒண்டு களவு நடந்த இடத்தில கிடந்திருக்கு தங்கச்சி. உங்கட கடையில மிச்சம் ஏதும் கிடந்ததா?"

"நான் கள்ளனுக்குக் கார்ட் குடுத்தெண்டா நினைக்கிறீங்க?"

"நான் அப்பிடிச் சொல்லல்லயே."

"சொல்லல்ல. ஆனா அதக் கேக்கத்தானே வந்தீங்க." அவள் கையை மேசையில் ஊன்றினாள். "நீங்கதான் மறுகா ஆள் அனுப்பி ஐம்பது எடுத்தீங்க. அதையும் சேத்துத்தான் பொலிஸிட்ட முந்நூற்றைம்பது எண்டு சொன்னன்."

உதயரூபனுக்கு அதிகாரியின் பார்வை விளங்கியது.

"ஆர் வந்த?"

"உங்கட வேலையாள் எண்டு சொன்னவர். மெலிஞ்ச ஆள், தொப்பி போட்டிருந்தார். உங்கட கார்ட் ஒண்டக் கொண்டு வந்து காட்டினார். இதே மாதிரி ஐம்பது, பின்னுக்கு ஒண்டும் எழுத வேணாம், கயிறும் வேணாம் எண்டார். பைல் கிடந்தது, அடிச்சுக் குடுத்தன்."

"எனக்கு வேலையாளே இல்ல தங்கச்சி. நான் தனிய."

நஸ்ஹா கண்ணாடியைக் கழற்றினாள். இரைந்துகொண்டிருந்த மெஷினை நிறுத்தினாள்.

"உங்களுக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்டிருக்கணும். அது என்ட பிழை" என்றாள். பிறகு மெதுவாக, "ஆனா அண்ணன், நீங்களே அனுப்பிட்டு இப்ப இல்ல எண்டு சொன்னா எனக்கு எப்பிடித் தெரியும்?"

அவனால் கோபப்பட முடியவில்லை. அவள் இடத்தில் இருந்தால் அவனும் அதைத்தான் கேட்டிருப்பான். கண்டதை அப்படியே பொலிஸில் சொல்லும்படி கேட்டுவிட்டு இறங்கினான். சொல்லுவாளா இல்லையா என்று தெருவில் கொஞ்ச நேரம் நின்றான்.

மூன்று நாள் கழித்துத் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது.

"உதயரூபன் அண்ணனா? நான் வினோஜன், கல்குடாவிலருந்து கதைக்கிறன். நீங்க செஞ்ச எஞ்சின் ஒண்டு என்னட்டக் கிடக்கு. கொஞ்சம் புகை கூடவா அடிக்குது. வந்து பாப்பீங்களா?"

"நான் கல்குடாப் பக்கம் ஒருத்தருக்கும் செய்யல்லயே தம்பி."

"உங்கட ஆள்தானே வித்தவர். உங்கட கார்டும் தந்தவர். ஆறு மாசத்துக்கு என்ன பிழை வந்தாலும் இந்த நம்பருக்கு எடுங்க எண்டு பின்னுக்கு எழுதிக் கிடக்கு."

உதயரூபன் வருவதாகச் சொல்லிவிட்டு வைத்தான். ஐம்பது கார்ட் எதற்கென்று இப்போது தெரிந்தது. களவெடுத்த எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வைக்க, நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கின் கார்டைப் போல வேறு என்ன வேண்டும்?

ஆனால் இது பொறியாக இருந்தால்? பொலிஸே ஒருவனைக் கதைக்க வைத்திருந்தால்? பொறியில்லாவிட்டாலும், களவுபோன எஞ்சினுக்குப் பக்கத்தில் தனியாக நிற்கிறவனை யார் நம்புவார்கள்? போகாமல் விட்டால், கிடைத்த ஒரே நூலும் அறுந்து போகும். முற்றத்தில் இரண்டு மூன்று தரம் நடந்தான். பிறகு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே கோணாமலையின் வீட்டுக்குப் போனான்.

"கல்குடாவில ஒரு எஞ்சின் கிடக்காம். வல்லிபுரத்தாரடதோ தெரியா. நீங்களும் வாங்க அண்ணன்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"வாங்கினவன் எனக்குத்தான் கோல் எடுத்தவன். நான் தனியப் போய்ப் பாத்திட்டு வந்து சொன்னா நம்ப மாட்டீங்க. அதுதான் கூப்பிடுறன்."

கோணாமலை அவனை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போய்ச் சேட் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்து, ஒழுங்கை முழுக்கக் கேட்கிற மாதிரி மனைவியிடம் சொன்னார். "நான் உதயரூபனோட கல்குடாவுக்குப் போறன். ஆர் கேட்டாலும் சொல்லு. உதயரூபனோட."

கல்குடாவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். பின்னால் இருந்தவர் அவனைத் தொடாமல் சீற்றின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

வினோஜன் இருபத்தைந்து வயதுப் பெடியன். புதிதாகப் போட் வாங்கியவன். எஞ்சினை மரச்சட்டத்தில் பூட்டி வைத்திருந்தான். உதயரூபன் கிட்டப் போக முதலே அறிந்துகொண்டான். போட்டில் பூட்டுகிற கிளாம்பில் வெடித்த இடத்தை அவனே வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தான். வல்லிபுரத்தார் பக்கத்தில் நின்று புகையைக் கையால் விசுக்கிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. கோணாமலையைக் கூப்பிட்டு இடத்தைத் தொட்டுக் காட்டினான். அவர் குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அவருக்கும் அந்த எஞ்சினைத் தெரியும்.

"தம்பி, இது களவெடுத்த சாமான்" என்றார் கோணாமலை.

வினோஜனின் முகம் வெளிறிப்போனது. "ஐயோ, எனக்குத் தெரியா! கார்டெல்லாம் தந்துதானே வித்தவர்." ஓடிப்போய்க் கார்டை எடுத்து வந்தான். பின்பக்கத்தில் திகதி, அடுத்த சேர்விஸ், ஆறு மாத வாக்குறுதி, கீழே உதயரூபன் என்று கையெழுத்து. உதயரூபனின் எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிய எழுத்து. அவசரத்தில் பார்த்தால் அவனே தன்னுடையது என்று சொல்லியிருப்பான்.

"ஆர் வித்த?" என்று கோணாமலை கேட்டார்.

"ஐஸ் லொறியில வாறவர். ரதீஸ் எண்டு பேர். தொப்பி போட்ட, மெலிஞ்ச ஆள்."

கோணாமலை பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த தோணியின் மேல் உட்கார்ந்தார். ரதீஸ் அவருடைய கூடப்பிறந்த தங்கையின் மகன். அந்த லொறி வேலையை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். விடிய ஐஸ் இறக்குகிற சாட்டில் எல்லா வாடிக்கும் போய் வருகிறவன். எந்த வாடியில் எந்த எஞ்சின், எந்தப் பூட்டு என்று அவனுக்குத் தெரியும். எது புதிதாகத் திருத்திய எஞ்சின் என்பதை அதில் தொங்கிய கார்டே திகதி போட்டுச் சொல்லியிருக்கும்.

உதயரூபன் எஞ்சினை விட்டு விலகினான். அவர் என்ன செய்யப் போகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றான். இந்த இடத்தில் மருமகனின் பெயரை மறைத்துவிட்டுப் பழியைத் திரும்ப என் மேல் போட அவரால் முடியும் என்று நினைத்தான். வினோஜனைத் தவிர அந்தப் பெயருக்கு வேறு சாட்சி இல்லை.

கோணாமலை போனை எடுத்துப் பொலிஸுக்கு அடித்தார். தன் பெயரைச் சொன்னார், சங்கத்தைச் சொன்னார், மருமகனின் முழுப்பெயரையும் தகப்பன் பெயரையும் சொன்னார். குரல் தடுமாறவில்லை. வைத்த பிறகும் போனைக் கையிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பொலிஸ் வரும்வரை மூவரும் அங்கேயே இருந்தார்கள். வினோஜன் தேத்தண்ணி கொண்டு வந்தான். கோணாமலை அதைத் தொடவில்லை.

"உனக்கு முன்னமே தெரியுமா?" என்று திடீரென்று கேட்டார்.

"என்ன அண்ணன்?"

"ஆரெண்டு. தெரிஞ்சுதானே என்னை ஏத்திக்கொண்டு வந்தாய்? என்ட வாயாலயே சொல்ல வைக்கத்தானே?"

"சத்தியமாத் தெரியா."

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. உதயரூபனிடமும் ஒரு கேள்வி இருந்தது. கோணாமலையின் எஞ்சினையும் அதே மாதத்தில்தான் அவன் திருத்தினான். அதில் திகதி எழுதிய கார்டும் தொங்கியது. அதே பதினைந்து குதிரைவலு. அதை மட்டும் கள்ளன் தொடவில்லை. மாமன் என்ற பயமா, அல்லது மாமனுக்கு ஏதாவது தெரிந்திருந்ததா? கேட்க வாயெடுத்தான். போனை இன்னும் விடாத அவருடைய கையைப் பார்த்துவிட்டு, தன் தேத்தண்ணியை எடுத்துக் குடித்தான்.

ரதீஸை அன்று பின்னேரமே பிடித்தார்கள். நஸ்ஹா பொலிஸ் நிலையத்துக்குப் போய் ஆளை அடையாளம் காட்டினாள். இரண்டு எஞ்சின்கள் முழுதாகக் கிடைத்தன. முதலாவதைக் கழற்றிச் சாமான் சாமானாக விற்றிருந்தான். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் கோணாமலை எழும்பி நின்று, "உதயரூபனில பிழை இல்ல" என்றார். அந்த ஒரு வசனத்தோடு உட்கார்ந்துவிட்டார். அவருடைய தங்கை அன்றிலிருந்து அவர் வீட்டுப் படலையைத் தாண்டவில்லை.

உதயரூபனிடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. வல்லிபுரத்தார் ஒரு நாள் பெரிய கொடுவா மீனொன்றைக் கொட்டில் வாசலில் வைத்துவிட்டுப் போனார். எஞ்சின்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. சுலோஜனாவிடம் தம்பியைப் பற்றி நினைத்ததை அவன் சொல்லவேயில்லை.

நஸ்ஹா புதுக் கார்ட் செய்து கொடுத்தாள். நிறமும் பெரிய இலக்கமும் ஒயில் கணக்கும் அப்படியே இருந்தன. திகதிக் கோடுகளை எடுத்துவிட்டு, ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு தொடர் இலக்கம் போட்டாள். திகதியையும் சாமானையும் இனி அவன் தன் கொப்பியில் எழுதிக்கொள்வான்.

"இனி கார்ட் கேட்டு நீங்களே வந்தாலும், உங்கட நம்பருக்கு அடிச்சு, அது உங்கட பொக்கட்டுக்குள்ள சத்தம் போடுதா எண்டு பாத்துட்டுத்தான் அடிப்பன்" என்றாள்.

"அடியுங்க" என்றான் உதயரூபன்.

புரட்டாதியில் ஒரு காலை கோணாமலை எஞ்சினை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஸ்டார்ட் எடுக்க இழுபடுகிறது என்றார். வைத்துவிட்டுப் போங்க அண்ணன், பின்னேரம் எடுக்கலாம் என்று உதயரூபன் சொன்னான்.

"பரவால்ல, நிக்கிறன்."

முன்பு அவர் எஞ்சினோடு நின்றதில்லை. ஒரு பழைய டயரை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தார். உதயரூபன் மூடியைக் கழற்றினான். கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் அவர் கண்ணில் படும்படியாகவே விரித்த துணியில் வரிசையாக வைத்தான். மத்தியானம் வரை வேலை நடந்தது. இடையில் ஒரு தரம் அவர் தண்ணீர் கேட்டார். அவன் எடுத்துக் கொடுத்தான்.